கட்டியின் மரபணுவும் குடும்பத்தின் மரபணுவும்

(தைராய்டு புற்றுநோயைக் கண்டறிவதில் மரபணுப் பிறழ்வுகளின் இடம் குறித்துக் குச்சனூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

நான் நோய்க்குறியியல் துறையைச் சேர்ந்தவன். நோயாளியின் முகத்தைவிட அவருடைய செல்களை அதிகம் பார்க்கிற வேலை. கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, இன்னது என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த அறிக்கைகளில் இப்போது 'மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம்' என்றொரு வரியும் சேர்ந்து வரத் தொடங்கியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், அப்ப இது என் புள்ளைகளுக்கும் வருமா?"

பெரும்பாலோருக்கு, கட்டியில் காணும் மரபணுப் பிறழ்வு பிள்ளைகளுக்குப் போகாது என்பதே பதில். ஒரு சிலருக்கு மட்டும், போகலாம், ஆனால் முன்கூட்டியே தடுக்க வழி உண்டு என்பது பதில். இந்த இரண்டு கூட்டத்தாரையும் பிரித்துப் பார்க்காததால் முதல் கூட்டத்தார் வீணாகப் பயப்படுகிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் விழித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். இந்த ஒன்றைத் தெளிவாக்கினால் இன்றைய பேச்சுக்கு அது போதும்.

1. கழுத்தில் ஒரு கட்டி

நம் பக்கத்தில் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொன்னால், பெரும்பாலும் ஹார்மோன் குறைந்து காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார் என்று பொருள். அதற்கும் இன்று நாம் பேசும் மரபணுச் சோதனைக்கும் தொடர்பில்லை. நாம் பேசுவது கட்டியைப் பற்றி.

தைராய்டு, குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கும் சுரப்பி. அதற்குள் இரண்டு வகைச் செல்கள் உண்டு. பெரும்பான்மையானவை உணவில் வரும் அயோடினை இழுத்துத் தைராய்டு ஹார்மோன் செய்கிற ஃபாலிக்குலர் செல்கள். அவற்றுக்கிடையே சிறுபான்மையாக 'சி' செல்கள். அவை கால்சிடோனின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கின்றன. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கான பதில், புற்று எந்தச் செல்லில் பிறந்தது என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

அயோடின் குறைந்தால் சுரப்பி முழுவதும் வீங்கும். இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியவர்களும் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் அந்த வீக்கத்தைக் குறைக்கலாம் என்று காட்டியது. 1962-இல் தேசிய அளவில் முன்கழுத்துக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. ஆனால் இன்று மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் வீக்கத்தைப் பார்த்து வருகிறவர்கள் அல்லர். கழுத்து வலிக்கோ வேறெதற்கோ ஸ்கேன் எடுத்த இடத்தில் கட்டி தெரிந்து வந்தவர்கள். கையால் தடவிப் பார்த்தால் 100 பேரில் 4 முதல் 7 பேருக்குத்தான் கட்டி தட்டுப்படும். அல்ட்ராசவுண்டு வைத்துத் தேடினால் அதைப்போலப் பல மடங்குப் பேருக்கு ஏதாவது ஒன்று தெரியும். அப்படித் தெரியும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல.

ஆகவே சிக்கல் கட்டியைக் கண்டுபிடிப்பதில் இல்லை. ஏராளமான சாதுவான கட்டிகளுக்கு நடுவே அறுவைக்கு உரியதைப் பொறுக்கி எடுப்பதில்தான் இருக்கிறது.

2. ஊசி முடிவில் ஒரு சந்தேகப் பகுதி

ஸ்கேனில் கட்டியின் உருவம் ஐயத்துக்கு இடம் தந்தால், மெல்லிய ஊசியைச் செலுத்திச் செல்களை உறிஞ்சி எடுக்கிறோம். எஃப்.என்.ஏ.சி. என்று நீங்கள் சீட்டில் பார்ப்பது இதுதான். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கும், அங்கிருந்து மதுரைக்கும் போகிற நோயாளியின் கையில் இருக்கும் தாள்களில் மிக முக்கியமானது இந்தத் தாள்.

ஒவ்வொரு மருத்துவரும் தமக்குத் தோன்றிய சொற்களில் முடிவு எழுதிவந்த குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்காவின் பெதெஸ்டாவில் 2007-இல் கூடிய வல்லுநர்கள் ஆறு வகுப்புகளை வகுத்தார்கள். 2023-இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. முதல் வகுப்பு, செல் போதவில்லை என்பது. இரண்டாவது, சாதுவான கட்டி; அதில் புற்று இருக்க வாய்ப்பு சராசரியாக 100-க்கு 4. ஆறாவது, புற்று, அது 100-க்கு 97 சரியாக இருக்கும். ஐந்தாவது, பலத்த ஐயம், 100-க்கு 74. இந்த ஓரங்களில் இருக்கிறவர்களுக்கு என்ன செய்வது என்பதில் பெரிய குழப்பமில்லை.

மூன்றாவதும் நான்காவதும்தான் தொல்லை. மூன்றில் 100-க்கு 22, நான்கில் 100-க்கு 30 என்ற அளவில் புற்று இருக்கும். அதாவது எல்லாருக்கும் அறுவை செய்தால், பத்தில் ஏழெட்டுப் பேருக்குத் தேவையில்லாமல் கத்தி வைத்ததாகும். யாருக்கும் செய்யாமல் விட்டால் இரண்டு மூன்று பேரைக் கைவிட்டதாகும். நுண்ணோக்கிக்கு இதற்கு மேல் பார்க்க முடிவதில்லை. ஃபாலிக்குலர் வகைக் கட்டி தன் உறையைத் துளைத்து வெளியேறியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் அது புற்றா இல்லையா என்று சொல்ல முடியும். ஊசியில் வருகிற உதிரிச் செல்களில் உறை ஏது? மரபணுச் சோதனை முதலில் தேவைப்பட்டது இந்தச் சந்தேகப் பகுதிக்காகத்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு என்று வந்த உடனே மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. சில வாரம் கழித்து மறுபடி ஊசி போட்டாலே பலருக்குத் தெளிவான விடை கிடைத்துவிடும்.

3. செவ்வாழையில் ஒரு பச்சைத் தார்

மரபணுப் பிறழ்வு என்றதும் பரம்பரை நோய் என்று மனம் தாவுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழை வைத்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது ஒரு மரம் பச்சைத் தார் தள்ளும். மண்ணும் தண்ணீரும் மற்ற மரங்களுக்குப் போனவைதான். வளர்கிற இடத்தில் இருந்த ஏதோ ஒரு செல்லில் மரபணு மாறியிருக்கிறது. அந்த மரத்தின் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் அதுவும் பச்சையாகவே காய்க்கும். பக்கத்துக் குழியில் நிற்கும் செவ்வாழைக்கு ஒன்றும் ஆவதில்லை.

தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பிறந்தபோது சரியாக இருந்த சுரப்பியில், வாழ்நாளின் நடுவில், ஒரே ஒரு செல்லில் மரபணு பிறழ்கிறது. பச்சை மரத்தின் பக்கக் கன்றுபோல அந்தச் செல் தன் வகையாகவே பெருகிக் கட்டியாகிறது; கட்டியின் செல்கள் எல்லாவற்றிலும் அதே பிறழ்வு இருக்கிறது. ஆனால் அவருடைய ரத்தத்திலும் கருமுட்டையிலும் விந்தணுவிலும் அது இல்லை. பிள்ளை பிறப்பது கருமுட்டையிலும் விந்தணுவிலும் இருந்துதான். எனவே அந்தப் பிறழ்வு பிள்ளைக்குப் போவதற்கு வழியே இல்லை.

4. பிராஃப்: ஓர் எழுத்து மாறினால்

தைராய்டு புற்றுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பாப்பில்லரி வகை. ஃபாலிக்குலர் செல்லில் பிறப்பவை. பெரும்பாலானோர் சிகிச்சைக்குப் பின் நெடுநாள் வாழ்கிறார்கள். 2014-இல் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தினர் இத்தகைய 496 கட்டிகளை எடுத்து மரபணு மரபணுவாகப் படித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 60 விழுக்காட்டில் பிராஃப் என்ற மரபணு பிறழ்ந்திருந்தது. ராஸ் குடும்பத்து மரபணுக்கள் 13 விழுக்காட்டில். மும்பையின் கதிர்வீச்சு மருத்துவ மையத்தார் 2012-இல் வெளியிட்ட இந்திய ஆய்விலும் பாப்பில்லரி நோயாளிகளில் பாதிக்குச் சற்று மேலானவர்களிடம் பிராஃப் பிறழ்வே இருந்தது.

பிராஃப் செய்வது என்ன? செல்லுக்கு வெளியிலிருந்து 'வளர்' என்ற செய்தி வரும்போது, அது ராஸ், பிராஃப், மெக், எர்க் என்று கைமாறி உட்கருவுக்குப் போகிறது. செய்தி நின்றால் வளர்ச்சியும் நிற்க வேண்டும். பிராஃப் மரபணுவில் 1799-ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறினால், அது உண்டாக்கும் புரதத்தின் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் போய்க் குளூட்டமேட் உட்கார்கிறது. 'வி600ஈ' என்று அறிக்கையில் வருவது இந்த மாற்றத்தின் சுருக்கம். இதன் பின் பிராஃப் மேலிருந்து வரும் செய்திக்குக் காத்திருப்பதில்லை. ஓயாமல் 'வளர்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதோடு அயோடினை இழுக்கும் ஆற்றலையும் செல்லில் குறைத்துவிடுகிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சை சிலருக்குச் சரியாகப் பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோய் அறிவதில் இதன் பயன், ஒரு பக்கத்துக்கு மிக உறுதியானது. ஊசியில் எடுத்த செல்லில் வி600ஈ இருந்தால் அந்தக் கட்டி அநேகமாகப் புற்றேதான். ஆனால் இல்லையென்று வந்தால் புற்று இல்லை என்று ஆகாது. சந்தேகப் பகுதியான மூன்று, நான்காம் வகுப்புகளில் இது காணப்படுவதும் குறைவு. அதனால்தான் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒரே வீச்சில் பார்க்கும் தொகுப்புச் சோதனைகள் வந்தன. அவற்றின் விலை ஆயிரக்கணக்கான டாலர். நம் ஆய்வகங்களில் பிராஃப் ஒன்றை மட்டும் குறைந்த செலவில் பார்க்க வழி உண்டு. வி600ஈ புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுவின் மேல் இட்டால், பிறழ்வு உள்ள செல்கள் நிறமேறித் தெரியும்.

ஒரே ஓரிடத்தில் பிராஃப் சோதனை அவசரத்துக்குரியது. முதியவர்களுக்குச் சில வாரங்களிலேயே கழுத்தை அடைத்துக்கொண்டு வளரும் அனாபிளாஸ்டிக் வகை. அரிதானது, மிகக் கொடியது. அதில் வி600ஈ இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மாத்திரைகளைச் சேர்த்துத் தரலாம். 2018-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் தந்தது. அங்கே சோதனை முடிவு ஒரு நாள் முன்னால் வந்தாலும் லாபம்.

5. பிறழ்வு இருந்தாலே புற்று ஆகிவிடுமா?

ராஸ் பிறழ்வு இருக்கிறது என்று அறிக்கை வந்தால் பலர் அறுவைக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். ராஸ் பிறழ்வு, புற்றிலும் இருக்கும், சாதுவான கட்டியிலும் இருக்கும். பாப்பில்லரியின் ஒரு துணைவகை என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட, உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் கட்டிகளைப் பல நாட்டு வல்லுநர்கள் திரும்பப் படித்து, இவை பரவுவதில்லை என்று கண்டு, 2016-இல் அவற்றின் பெயரிலிருந்து புற்று என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது ராஸ் பிறழ்வுதான்.

நோயின் போக்கைச் சொல்வதிலும் தனி ஒரு பிறழ்வை நம்ப முடியாது. பிராஃப் மட்டும் இருக்கிற பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். பிராஃபுடன் டெர்ட் என்ற மரபணுவின் முகப்புப் பகுதியிலும் பிறழ்வு சேர்ந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. கட்டியின் அளவு, நெறிக்கட்டுக்குப் பரவியிருக்கிறதா, நோயாளியின் வயது ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் மரபணு பேசும்.

தேடலுக்கு அளவு வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா சாட்சி. அங்கே 1999-இல் தொடங்கிய பொதுப் பரிசோதனைத் திட்டத்தோடு கழுத்து ஸ்கேனும் பரவியது. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு. இறப்பு வீதமோ அசையவில்லை. ஏராளமானோர் வாழ்நாள் முழுதும் தொல்லை தந்திராத சிறு கட்டிக்காகச் சுரப்பியை இழந்து, அன்றாட மாத்திரைக்கு ஆளானார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் திருவனந்தபுரம் வட்டாரத்துப் பெண்களிடம் கண்டறியும் வீதம் நாட்டின் பிற பகுதிகளைவிட மிக உயர்ந்து நிற்பதைக் கணக்கிட்டு, இது மிகைக் கண்டறிதல் என்று 2017-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குமுளி வழியாக அன்றாடம் வேலைக்கும் வைத்தியத்துக்கும் போய்வருகிற நமக்கு இது தொலைவுச் செய்தி இல்லை. அறிகுறி இல்லாதவர் ஸ்கேன் எடுப்பதும், சாதுவான கட்டிக்கு மரபணுச் சோதனை கேட்பதும் தேவையற்றவை.

6. ரெட்: ஒரே மரபணு, வெவ்வேறு வரலாறு

இதுவரை பேசியது ஃபாலிக்குலர் செல்லின் கதை. இனி 'சி' செல்லுக்கு வருவோம்.

10-ஆம் குரோமோசோமில் ரெட் என்றொரு மரபணு இருக்கிறது. 'சி' செல்லில் அது செய்வதைப் பார்க்குமுன், ஃபாலிக்குலர் செல்லில் அது பிறழ்ந்த ஒரு வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பாலில் கலந்து, குழந்தைகளின் தைராய்டுக்குப் போனது. 2005 வரையிலான கணக்கில் அப்போது சிறுவர்களாக இருந்தவர்களிடம் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுகள். சிகிச்சை கிடைத்ததால் இறப்பு மிகக் குறைவு. அந்தக் குழந்தைகளின் பாப்பில்லரிக் கட்டிகளில் அடிக்கடி தென்பட்டது, ரெட் மரபணு முறிந்து வேறொன்றோடு ஒட்டிக்கொண்ட வடிவம். கட்டிக்குள் மட்டுமே நடந்த முறிவு அது; பிள்ளைகளுக்குப் போகாது.

அதே ரெட், மெடுல்லரி வகையில் முற்றிலும் வேறு கதை. மொத்தத் தைராய்டு புற்றில் 100-க்கு 3 முதல் 5 வரையே இருக்கும் இந்த வகை 'சி' செல்லில் பிறக்கிறது. இதில் நான்கில் ஒன்று பரம்பரை. அந்த வீடுகளில் ரெட் பிறழ்வு கருவிலேயே வந்துவிடுகிறது. உடலின் ஒவ்வொரு செல்லிலும், ரத்தத்திலும் இருக்கிறது. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வரும். சிலருக்குப் பாராதைராய்டு சுரப்பி பெருத்து ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

1993-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்தப் பரம்பரை நோயின் காரணம் ரெட் என்று கண்டறிந்தன. அதற்கு முன் இத்தகைய குடும்பங்களில் ஒருவர் விடாமல் எல்லாரும் ஆண்டுதோறும் பென்டகாஸ்ட்ரின் ஊசி போட்டுக் கால்சிடோனின் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஊசி போட்டதும் முகம் சிவந்து, நெஞ்சு இறுகும். இன்று வாழ்நாளில் ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். குடும்பத்துப் பிறழ்வு எதுவென்று தெரிந்தபின் அது இல்லை என்று வந்த பிள்ளைக்கு இனி எந்தச் சோதனையும் வேண்டாம். பயம் பாதியாகக் குறைவது இந்தச் சோதனையின் பெரிய நன்மை.

இருக்கிறது என்று வந்தால், பிறழ்வு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து முடிவு. 918-ஆம் இடத்தில் இருந்தால் குழந்தையின் முதல் வயதுக்குள் சுரப்பியை எடுக்க வேண்டும். 634 என்றால் ஐந்து வயதுக்குள். மற்ற பெரும்பாலான இடங்களுக்குக் கால்சிடோனினைப் பார்த்துக் காத்திருக்கலாம். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இது. புற்று பரவுமுன் எடுத்துவிட்டால் பிள்ளை தைராய்டு மாத்திரையோடு முழு வாழ்வு வாழும்.

இங்கே ஒரு நுட்பம். பரம்பரை இல்லாத மெடுல்லரிக் கட்டிகளிலும் ஏறக்குறையப் பாதியில் கட்டிக்குள் ரெட் பிறழ்வு இருக்கும். ஆகவே கட்டியைச் சோதித்து ரெட் இருக்கிறது என்று சொன்னால், செல்பெர்காட்டினிப் போன்ற மருந்து பயன்படுமா என்று முடிவு செய்ய அது உதவும். பிள்ளைகளுக்கு வருமா என்பதற்கு அது விடை தராது. அந்த விடை ரத்தத்தில்தான் இருக்கிறது. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை, இவருக்குத்தான் முதல் என்று தோன்றினாலும், மெடுல்லரி என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் ரெட் பார்க்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மெடுல்லரி நோயில் தங்கள் 20 ஆண்டு அனுபவத்தை 2007-இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் இருக்கிற நோய் என்று எண்ண வேண்டாம்.

7. வீட்டுக்குள் கேட்க வேண்டியவை

பரம்பரை நோய் என்றால் "சொந்தத்துல கட்டுனதால வந்தது" என்று உடனே சொல்லிவிடுகிறோம். மாமன் மகளை, அக்காள் மகளைக் கட்டுவதால் கூடும் நோய்கள் உண்டு. அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பிறழ்வு வந்தால் மட்டும் வெளிப்படுபவை. ரெட் அப்படியில்லை. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அசலில் கட்டினாலும் வரும், சொந்தத்தில் கட்டினாலும் வரும். மருமகளையோ சம்பந்தி வீட்டையோ குறை சொல்வதால் ஒருவரையும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று, வம்சத்தை எழுதச் சொன்னால் நம் ஆட்கள் பங்காளிகளை மட்டும் எழுதுகிறார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வரி எழுதிப் பழகிய கை. கட்டிக் கொடுத்த அத்தை, சித்தி, அவர்கள் பிள்ளைகள் விட்டுப்போகிறார்கள். பிறழ்வுக்கு ஆண்வழி, பெண்வழி கிடையாது. அத்தைக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆனதும், மாமா திடீரென்று ரத்தக் கொதிப்பு ஏறி இறந்ததும் அந்தத் தாளில் வர வேண்டும். மாசி சிவராத்திரிக்குக் கூடும்போது கேட்டு எழுதிவிடலாம். கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணின் கழுத்துத் தழும்பை மறைக்கச் சொல்கிற வீடுகளில், அந்தத் தழும்போடு அவளுடைய தங்கையின் ஆயுளையும் மறைக்கிறோம்.

மருத்துவரிடம் கேட்க நான்கு கேள்விகள் சொல்கிறேன். புற்று எந்த வகை, பாப்பில்லரியா மெடுல்லரியா? மரபணுச் சோதனை கட்டியில் செய்கிறீர்களா, ரத்தத்தில் செய்கிறீர்களா? முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். மெடுல்லரி என்றால், அறுவைக்கு முன் அட்ரீனல் கட்டி இருக்கிறதா என்று மெட்டாநெஃப்ரின் சோதனை செய்து பார்த்தாகிவிட்டதா? அதைக் கண்டுகொள்ளாமல் மயக்க மருந்து கொடுத்தால் மேசையிலேயே ரத்தக் கொதிப்பு தாறுமாறாக ஏறி உயிர் போகலாம்.

பாப்பில்லரியிலும் 100-க்கு ஐந்து பேர் அளவில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒற்றை மரபணுவைக் காட்ட முடிவதில்லை. நெருங்கிய உறவினர் மருத்துவரிடம் கழுத்தைக் காட்டிக்கொள்வதுதான் செய்யக்கூடியது. சிறு வயதில் பல கட்டிகள், குடல் பாலிப் போன்ற வேறு அடையாளங்கள் இருந்தால் மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஊசி அறிக்கையையும், அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கையையும், திசுவைப் பொதிந்து வைத்த மெழுகுக் கட்டியையும் பத்திரமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பேரன் பேத்திக்காக ஒரு சோதனை தேவைப்பட்டால் அவை உதவும். பாப்பில்லரி என்று வந்தவர்கள், பிராஃப் பிறழ்வு பிள்ளைக்குப் போகுமே என்று அஞ்ச வேண்டாம். மெடுல்லரி என்று வந்தவர்கள், தமக்கு நலமாகிவிட்டது என்று அதோடு விட்டுவிட வேண்டாம். கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.